ஓடாத ஸ்கிரிப்ட்

பகல் பன்னிரண்டுக்கு அவன் கைபேசி டிங் என்றது.

வாசல் கேமராவின் பழைய படங்களைத் தினமும் அழிக்க அவன் எழுதிய ஸ்கிரிப்ட் என்ற குட்டி நிரல் இன்றும் ஓடவில்லை என்று ஒரு வரி.

"ஊருல உள்ள கம்ப்யூட்டரை எல்லாம் சரி பண்ணுவீங்க. வீட்டுல உள்ளது மட்டும் ஓடாது," என்றாள் மனைவி.

அவன் மடிக்கணினியைத் தட்டிக்கொடுத்தான்.

"அழாத. வந்து சரி பண்ணுதேன்."

பைக் சாவியை விரலில் சுழற்றியபடி படியிறங்கினான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள்.

 

இரண்டு மாதம் கழித்துக் கேமரா நின்றுபோனது. டிஸ்க் நிரம்பிவிட்டதாம்.

வீட்டில் அவள் ஒருத்திதான். கேமரா வேண்டும்.

அவனோடு வேலை பார்த்த அஸ்கர் வந்தான். மடிக்கணினியைத் திறந்தான். கொஞ்ச நேரத்தில் சிரித்துவிட்டான்.

"கேமரா படத்தை ரூட்தான் அழிக்க முடியும் மதினி. அதனால ரூட்டா ஓட விட்டிருக்காங்க. ஆனா ரூட்டா ஓட்டினா அது அண்ணன் ஃபோல்டர்ல தேடாது, ரூட்டோட ஃபோல்டர்ல போயி தேடும். அங்க ஒண்ணும் கெடையாதே! முழுப் பாதையையும் எழுதுங்கலேன்னு எங்களுக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னதே அண்ணன்தான்."

சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

ரூட். அந்தக் கணினியில் எதையும் அழிக்க அதிகாரம் உள்ள பெயர்.

அஸ்கர் ஒரு வரியைத் திருத்தினான். சேமித்தான்.

"ஒரு மாசத்துக்கு முந்தினது எல்லாம் போயிரும். ஓட்டிப் பாத்துருவோம். பாஸ்வேர்டு போடுங்க மதினி."

மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பிவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தான். அடுத்தவர் பாஸ்வேர்டு போடும்போது பார்க்கக் கூடாது.

அவளுக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து வைத்ததுதான்.

தட்டினாள். திரையில் எழுத்து விழவில்லை. புள்ளிகூட இல்லை. அது அப்படித்தான்.

தட்டி முடித்தாள். என்டர் மட்டும் பாக்கி.

"பழசுன்னா... எது வரைக்கும் கெடக்கு தம்பி?"

"கேமரா மாட்டின நாள்லயிருந்து எல்லாம் கெடக்கு. இதுதான் ஒருநாளும் ஓடலையே."

எல்லாம்.

அப்படியென்றால் அவன் கிளம்பிப் போன அந்தப் பகலும்.

கேட்டைத் திறப்பான். பைக்கை வெளியே தள்ளுவான். மறக்காமல் கேட்டைச் சாத்துவான்.

விரல் என்டரிலிருந்து நகர்ந்தது. அழித்தாள். எத்தனை எழுத்து அழிந்தது என்று திரையில் தெரியாது. பிறகு என்டரை அழுத்தினாள்.

கடவுச்சொல் தவறு.

"மறந்துபோச்சு தம்பி."

"அதுக்கென்ன மதினி. பன்னெண்டு மணிக்குத் தானா ஓடிரும். அதுக்குப் பாஸ்வேர்டு வேண்டாம்."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

இரண்டு முட்களும் நெருங்கிவிட்டிருந்தன.

அஸ்கர் எழுந்தான். பையின் ஜிப்பை இழுத்தான். செருப்பைத் தேடினான்.

 

ஒரு செருப்பை மாட்டிவிட்டான்.

"அதை எடுத்துருங்க."

"எதை மதினி?"

"நீங்க திருத்துனத."

அவளைப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே கேட்டைப் பார்த்தான்.

ஒற்றைச் செருப்போடு உள்ளே ஓடி வந்தான். நின்றபடியே தட்டினான். தப்பாக விழுந்தது. அழித்தான். மறுபடி தட்டினான்.

சேமித்தான்.

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த கணவனின் கைபேசி அலமாரியில் சார்ஜில் கிடந்தது.

டிங் என்றது.

அவன் பெயருக்கு அதே ஒரு வரி.

அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை.