வெள்ளிக்கிழமை வாளி

கடப்பாக்கத்தில் மதியம் மூன்று மணி. மொட்டை மாடியில் ஏசியின் வெளிப்பெட்டியைத் திறந்து வைத்துக் குந்தியிருக்கிறார் மெக்கானிக் மணி. விரல் பட்ட இடத்திலெல்லாம் அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிர்கின்றன. கடற்காற்று அந்தப் பொடியை அள்ளி, பக்கத்தில் வாளியோடு நிற்கும் வீட்டுக்கார அம்மா பர்வதத்தின் புடவைத் தலைப்பில் தூவுகிறது. அவர் அதைத் தட்டிவிடாமல் நிற்கிறார். "இத்த எந்தத் தண்ணிலம்மா கழுவுனீங்க?" என்கிறார் மணி. "போர் தண்ணிதான்பா. வெள்ளிக்கிழமை தவறாம ஒரு வாளி ஊத்துவேன். சர்வீஸுக்குக் குடுக்கிற அறுநூறு ரூபா மிச்சமாகுமேன்னு." மணி மாடிக் குழாயைத் திறந்து, விரலில் ஒரு சொட்டு தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறார். உடனே துப்புகிறார். "ஒரே உப்பும்மா. காத்து பத்து வருஷத்துல துன்றத இது ரெண்டே வருஷத்துல துன்னுட்டுக்கீது. இந்தத் தகடு, கொழா எல்லாம் சேந்த காயிலயே புச்சா போடணும். பதினாலாயிரம் ஆவும்." பர்வதம் கையிலிருக்கும் வாளிக்குள் பார்க்கிறார். காய்ந்த தண்ணீர் அதன் உட்புறத்தில் வளையம் வளையமாக வெள்ளைக் கோடு போட்டிருக்கிறது. தினமும் பார்க்கிற கோடுதான். கீழே, படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவர் சபேசனின் முதுகுப் புண்ணில் வியர்வை ஊறக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் வாங்கிய ஏசி இது. குளிர் நின்றுபோனதிலிருந்து அவர் அறை ஜன்னல் திறந்தே கிடக்கிறது. மணி மூடியைப் பொருத்தித் திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்குகிறார். கடைசி ஆணியின் சத்தம் நின்றதும் கீழேயிருந்து சபேசனின் குரல் எழும்புகிறது, வெகுநாளைக்குப் பிறகு கொஞ்சம் தெம்பாக. "ஆச்சா பர்வதம்? வந்து ஜன்னலச் சாத்து."