தகப்பன் பெயருக்கு எதிரே

அய்யம்மாள் கண்ணாடி முன்னால் நின்று நெற்றிப் பொட்டை அழித்தாள். பாயில் உட்கார்ந்திருந்த புருஷன் முனியராஜ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தாலியையும் கழட்டிரு" என்றான்.

"சும்மா இருங்க. ரவிக்கைக்குள்ள போட்டுக்கிடுதேன்."

"அவுக கண்ணு பொல்லாத கண்ணு. லாரிக்குப் பிரேக் செஞ்சு வித்தவுக. மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடிச்சிருவாக, பார்த்துக்கோ."

அவுக என்றால் அய்யாதுரை. விருதுநகரில் ஒற்றை லேத் மெஷினோடு ஆரம்பித்து, நாடெங்கும் ஓடுகிற லாரிகளுக்குப் பிரேக் செய்து கொடுத்தவர். எழுபது வயதில் கம்பெனியை விற்று டிரஸ்ட் ஆரம்பித்தார். பட்டாசு விபத்தில் தகப்பனைப் பறிகொடுத்த பெண்பிள்ளைகளுக்கு நர்சிங் படிப்பு இலவசம், விடுதி இலவசம்.

தகப்பன் செத்திருக்க வேண்டும். அதுதான் டிரஸ்ட் சட்டம்.

முனியராஜ் சாகவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் லைசென்ஸ் இல்லாத ஒரு பட்டாசு ஷெட் வெடித்தபோது, பத்து விரலும் வெந்து ஒட்டிப்போய் உயிரோடு வந்து சேர்ந்தான். இன்றைக்கும் சோற்றை அய்யம்மாள்தான் ஊட்ட வேண்டும். ஷெட்காரனோ, 'அப்படி ஒரு ஷெட்டே எனக்குக் கிடையாது' என்று கையை விரித்துவிட்டான்.

டிரஸ்ட் விண்ணப்பப் பாரத்தில் தகப்பன் பெயருக்கு எதிரே 'இறந்துவிட்டார்' என்று எழுதச் சொன்னதே முனியராஜ்தான்.

கள்ள ஷெட்டில் செத்தவனுக்கு யார் காகிதம் கொடுப்பார்கள் என்று அய்யாதுரை சர்டிபிகேட் எதுவும் கேட்பதில்லை. நேரில் வந்து பார்ப்பார், அவ்வளவுதான். "பொய்னு தெரிஞ்சா சீட்டும் போகும், போலீஸ் கேஸும் வரும்" என்று டிரஸ்ட் மேனேஜர் போனில் சொன்னதிலிருந்து அய்யம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

வெளியே நின்ற மகள் மாரிசெல்வி ஓடிவந்தாள். "அம்மா, கார் வந்திருச்சு!"

முனியராஜ் எழுந்து அடுப்படிக்குள் போனான். அடுப்படி வாசலில் திரையாகக் கட்டியிருந்த பழைய சேலையை அய்யம்மாள் இழுத்துவிட்டாள். கொடியில் அவன் சட்டை தொங்குவது அப்போதுதான் கண்ணில் பட்டது. உருவிச் சுருட்டிக் காலிக் குடத்துக்குள் திணிப்பதற்கும், கம்பு ஊன்றிக்கொண்டு பெரியவர் அய்யாதுரை குனிந்து உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது.

"வாங்கய்யா. சாப்பிட்டீகளா?" நாக்கு தானாகக் கேட்டது.

"ஆச்சும்மா." பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பையிலிருந்து பாரத்தை எடுத்து மடியில் வைத்தார். சுவரை ஒரு சுற்றுப் பார்த்தார். "அவரு படம் ஒண்ணும் மாட்டலையா?"

மாலை போட்ட படம்! அம்புட்டையும் யோசித்த அய்யம்மாள் அதை யோசிக்கவில்லையே.

"போட்டோ... போட்டோவே எடுத்ததில்லய்யா."

பெரியவர் மாரிசெல்வி பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு தாயி. அப்பா எப்படிச் செத்தாரு?"

மாரிசெல்வி அம்மாவைப் பார்த்தாள். அய்யம்மாளின் கண்கள் கெஞ்சின.

"வெடிச்ச சத்தம் பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்டுச்சுய்யா. ஓடினேன். அங்கன எங்கப்பா..."

"அப்பாவுக்கு என்னாச்சு?"

"செத்துக் கெடந்தாங்கய்யா."

அடுப்படியில் ஒரு கேவல் கேட்டது.

பாவி மனுசன். சொல்லச் சொன்னவனே அவன்தான். ஆனாலும் பெற்ற மகள் வாயால் கேட்டபோது தாங்கவில்லை.

"உள்ள யாரு?"

"யாருமில்லய்யா... ஆடு. ஆட்டுக்குட்டிய்யா."

பெரியவர் எழுந்தார். கம்பு நுனியால் சேலையை விலக்கினார்.

அய்யம்மாள் அவர் காலில் விழுந்தாள். "எழுதினது நான்யா. கேஸ் போட்டா என்மேல போடுங்க. பச்சைப் பிள்ளைய்யா, அதை விட்ருங்க."

"நான்தான்யா எழுதச் சொன்னேன்." முனியராஜ் வெளியே வந்து, சேராத கைகளைச் சேர்த்துக் கும்பிட்டான். "செத்திருந்தா எம்பிள்ளைக்குச் சீட்டு உண்டுன்னாக. உசுரோட வந்ததுதான் நான் செஞ்ச தப்பு."

பெரியவர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டார். போலீசுக்குப் போன் போடத்தான் என்று அய்யம்மாளுக்கு உயிரே இல்லை.

வந்தது பேனா. பாரத்தைச் சுவரில் வைத்து 'இறந்துவிட்டார்' என்பதைக் குறுக்கே அடித்தார். அய்யம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். போயிற்று. மகளும் இனிமேல் வெடிமருந்து வேலைக்குத்தான்.

பெரியவர் மேலும் ஏதோ எழுதி, பாரத்தை மகளிடம் நீட்டினார். "வாசி தாயி."

மாரிசெல்வி வாசித்தாள். "தகப்பன் உயிருடன் இருக்கிறார். சீட்டுக் கொடுக்கவும்."

மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள்.

"சட்டம் போட்டது நான்தானே? நானே மாத்திக்கிடுதேன். ஆனா ஒரு கண்டிசன். விடுதியில எவ கேட்டாலும், 'எங்கப்பா வீட்ல இருக்காக'ன்னுதான் இந்தப் பிள்ளை சொல்லணும். ஒரு நாள்கூட மாத்திச் சொல்லக் கூடாது."

"இம்புட்டுதானாய்யா?" அய்யம்மாளால் நம்ப முடியவில்லை.

"இது லேசுன்னு நினைக்காதம்மா." பெரியவர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "அப்பன் செத்துட்டாருன்னு சொல்லித்தான் எங்கம்மாவும் என்னை அநாதை விடுதியில சேத்தா. படிச்சேன், கம்பெனி வச்சேன், பேரு வந்துச்சு. அந்தப் பொய்யை மாத்த மட்டும் தைரியம் வரல. எங்கப்பா என் கம்பெனி கேட்டுல வாட்ச்மேனா நின்னுதான் செத்தாரு. கடைசி வரைக்கும் என்னை 'முதலாளி'ன்னுதான் கூப்பிட்டாரு."