ரப்பர் கையின் குறைகள்

தரைவரை தொங்கிய மேஜைத் துணியின் ஓட்டை வழியாக, ரப்பர் தோல் போர்த்திய ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது.

"மின்சாரம் பாய்ஞ்சா உள்ள இருக்கிற ரப்பர், மனுஷத் தசை மாதிரியே நீளும், சுருங்கும், சார். கை குலுக்கிப் பாருங்க" என்று அவள் சுவிட்சைத் தட்டினாள். சோதித்துப் பார்க்க வந்திருக்கும் இந்த நிபுணர் தலையசைத்தால்தான் அவளுடைய ஆய்வுக்கூடம் பிழைக்கும். இல்லையென்றால் பூட்டு.

நிபுணர் குலுக்கினார். முகம் சுளித்தார்.

"பிடியில உயிரே இல்லையேம்மா. செத்த மீனைத் தொட்ட மாதிரி இருக்கு."

"வோல்டேஜைக் கூட்டறேன் சார்." பேச்சோடு பேச்சாக மேஜைக்கு ஓர் உதையும் விட்டாள்.

"ஐயோ, விடச் சொல்லு! மனுஷன் எவனாவது இப்படி நெரிப்பானா? நடுவிரல் வேற கோணலா மடங்குது. இதென்ன பிசுபிசுன்னு ஈரம்?"

"அது... எண்ணெய் கசியுது சார்."

"மனசு விட்டுடாதே. மனுஷக் கை எப்படி இருக்கும்னு முதல்ல நல்லாக் கவனி. அப்புறம் பார்க்கலாம்."

கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தபடியே போய்விட்டார்.

அவள் மேஜைத் துணியைத் தூக்கினாள். காலையில் கிழிந்துபோன அசல் ரப்பர் கையை மடியில் வைத்துக்கொண்டு, அடியில் அவள் கணவன் குந்தியிருந்தான். தன் கையில் மாட்டியிருந்த ரப்பர் தோலை உரித்துவிட்டு, நடுவிரலை மடக்கி மடக்கிப் பார்த்தான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி இந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டே ஊரெல்லாம் சுத்தினியே, இதுல இத்தனை குறை இருக்குன்னு ஒரு தடவையாவது சொல்லியிருக்கக் கூடாதா?"