திரும்பாத சாவி

"பாய், மூணாவது தடவை லா! இதுவும் திரும்பல." பவித்ரன் சாவியை மேசைமேல் போட்டான்.

சாவிக் கடை அப்துல் நாசர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்குப் போட வராத சாவியே இல்லை என்று புந்தோங் முழுக்கப் பேச்சு. லகாட்டிலிருந்துகூட ஆள் தேடி வருவார்கள். அந்தப் பெயர் இந்த வாரம் சந்தி சிரித்துக்கொண்டிருந்தது.

"ஒரே சாவிய வச்சுச் சமாளிக்க முடியாதாப்பா?"

"அன்னைக்கே சொன்னேன்ல பாய்? ஜெலாப்பாங் பாக்டரியில கரண்டு பேனல் பாக்குறேன். மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணாத்தான் இந்தச் சாவி கையில வரும். இதப் போட்டாத்தான் பேனல் கதவு திறக்கும். திரும்பக் கதவப் பூட்டுற வரைக்கும் சாவி வெளிய வராது, கரண்டும் போட முடியாது. சின்ன வேலைக்கும் மெஷின் எல்லாம் நிக்குது. சூசா லா, பெரிய தொல்லை."

"இன்னொரு சாவி இருந்தா?"

"கரண்டு ஓடும்போதே கதவத் திறந்துடலாம். நான் பாத்துத்தான் செய்வேன் பாய்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"போன மாசந்தான். ஏன்?"

"சும்மா கேட்டேன்." அசல் சாவியை அவன் கையில் வைத்தார். "என்னால முடியல தம்பி. மன்னிச்சிரு."

பவித்ரனின் முகம் தொங்கிப்போனது. "உங்களாலயே முடியலன்னா ஈப்போவுல வேற எவனால முடியும்? இனி ஒரே சாவிதான்னு பாக்டரி போஸ்கிட்ட சொல்லிடுறேன். பேரு மட்டும் பெருசு லா உங்களுக்கு!"

மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

உள்ளே இருந்த மனைவி பல்கீசுக்கு அவமானம் தாங்கவில்லை.

"சின்னப் பையன் வாய்க்கு வந்தபடி பேசிட்டுப் போறான், பேசாம நிக்கிறீங்க. இத விடக் கஷ்டமான சாவியெல்லாம் போட்டவராச்சே! கை நடுங்குதா, இல்ல கண்ணு போயிடுச்சா?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. வேணும்னுதான் மூணு தடவையும் சாவிப் பல்லக் கொஞ்சம் அதிகமா ராவிட்டேன்."

"ஏங்க?"

நாசருக்கு மனைவியின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"நம்ம மருமகன் ஷாஃபி வேலை செஞ்ச எடத்துல கரண்டு அடிச்சு மௌத்தானான். அவனுக்குக் கள்ளச் சாவி போட்டுக் குடுத்தவன் நாசமாப் போகணும்னு ரெண்டு வருஷமாத் துவா கேக்குறியே பல்கீஸ்... அந்தச் சாவிய நான்தான் போட்டேன். அது மொதத் தடவையே திரும்பிச்சு."