ஹெஸ்டருக்கு ஒரு நிமிடம்

ஈரக் கோட்டுகளின் நெடி அடிக்கும் ஊர்மன்றக் கூடத்தில் ஹெஸ்டர் எழுந்து நிற்கிறாள். அவள் வீட்டுக்கு மேலே, மேட்டிலுள்ள புல்வெளியில் நாற்பது வீடுகள் கட்டப் போகிறார்களாம். கட்டினால் மழைத்தண்ணீர் மொத்தமும் அவள் சமையலறைக்குத்தான். ஆட்சேபம் சொல்ல இன்றே கடைசி. பொதுமக்கள் பேசப் பதினைந்து நிமிடம். பதினான்கை, நாய்க்கழிவுத் தொட்டிக்கு எந்தப் பச்சை வண்ணம் அடிப்பது என்று பேசியே ஊர்க்காரன் ஆல்ஜர்னன் தின்றுவிட்டான். "ஒரு நிமிஷம் இருக்கு ஹெஸ்டர்," என்கிறார் தலைவர் கிளைவ், கைமணியைத் தொட்டபடி. "மன்னிக்கணும், எல்லாரையும் காக்க வைக்கிறேன், தொட்டியும் முக்கியந்தான், நான் சுருக்கமா..." வளர்ந்த விதம் அப்படி; மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. தன்மேலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "நேரம் முடிஞ்சுது, உக்காருங்க." "முழங்கால் வரைக்கும் தண்ணி நின்னா எங்க உக்கார்றதாம், கிளைவ்?" ஆட்சேபம் எழுதிவந்த காகிதத்தை மூக்குக்கண்ணாடிக்கு அருகே தூக்கிப்பிடிக்கிறாள். அவர் மணியை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். அவள் வாசித்துக்கொண்டே இருக்கிறாள்.