நீல நூல்

"ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்திருக்கான் பாரு, டாஃப்னி. அதுவும் இன்னைக்கு."

"மெதுவா பேசுங்க. எதிர்லதானே இருக்காங்க."

ஹம்ஃப்ரி கார்ட்ரைட்டுக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை. சவுத்தாம்ப்டனிலிருந்து நார்வே கடலோரமாகப் போய்க்கொண்டிருந்த அந்த உல்லாசக் கப்பலில் அன்று சம்பிரதாய விருந்து. ஆண்கள் கறுப்பு சூட்டும் போ டையும் அணிந்துதான் வரவேண்டும். இஷ்டமில்லாதவர்கள் மேல் தளத்து பஃபேயில் தட்டேந்திக்கொள்ளலாம்.

ஹம்ஃப்ரி போட்டிருந்த சூட்டே அவருடையது இல்லை என்பது வேறு விஷயம். அவர் பெட்டி கப்பலேறாமல் துறைமுகத்திலேயே தங்கிவிட்டது. மதியம் வரவேற்பு மேஜையில் அவர் போட்ட சத்தத்தில் பாதிக் கப்பல் திரும்பிப் பார்த்தது.

"இன்னைக்கு எங்க நாற்பதாவது கல்யாண நாள். சூட்டு இல்லாம அந்தக் கூடத்துல காலை வைக்கறதுக்குப் பதிலா நான் பட்டினி கிடப்பேன். இவளும் கிடப்பா."

"நான் எதுக்குக் கிடக்கணும்?" என்றாள் டாஃப்னி. யாரும் காதில் வாங்கவில்லை.

சாயங்காலம் அறையைக் கவனிக்கும் ரெனாட்டோ ஒரு கறுப்பு சூட்டோடு வந்து நின்றான். போ டைகூட இருந்தது.

"எங்கேருந்துன்னு மட்டும் கேக்காதீங்க சார்."

"நான் ஏன் கேக்கறேன்?"

போன பயணத்தில் எவனோ மறந்து விட்டுப்போனதாக இருக்கும் என்று தானாகவே முடிவுகட்டிக்கொண்டார். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. கண்ணாடி முன் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தவர், ஓரிடத்தில் முகம் சுளித்தார்.

"இந்தப் பித்தானைப் பாரு. கறுப்பு கோட்டுல நீல நூல். எந்த ரசனை கெட்டவனோ."

"விரலால மறைச்சுக்கிட்டு வாங்க. நேரமாச்சு."

மறைத்துக்கொண்டேதான் கூடத்துக்குள் நுழைந்தார். உட்கார்ந்தால், எதிரே ஸ்வெட்டர்.

ஸ்வெட்டர்காரரின் பெயர் ஆல்வின் ஹோல்ராய்ட். யார்க்‌ஷயரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சட்டைக்கு இஸ்திரி போட்டு, டையும் கட்டித்தான் வந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி நோரீன், தரை தொடும் பச்சைப் பட்டு கவுனில்.

"இந்த ஒரு ராத்திரிக்குன்னே வாங்கினது" என்று நோரீன் டாஃப்னியிடம் சொன்னாள். "லீட்ஸ்ல ஒரு கடை விடல. இவர் எதைக் காட்டினாலும் நல்லாருக்கும்பார். அதனால யோசனை கேட்டும் பிரயோஜனமில்ல."

ஹம்ஃப்ரி அதற்குமேல் பொறுக்கவில்லை.

"மிஸ்டர் ஹோல்ராய்ட், உங்க பெட்டியும் தொலைஞ்சுபோச்சோ?"

"இல்லீங்க. பத்திரமா வந்துடுச்சு."

"அப்ப, இன்னைக்கு விருந்துன்னு தெரியாதோ?"

"தெரியுமே" என்று ஆல்வின் ரொட்டியில் வெண்ணெய் தடவினார்.

"தெரிஞ்சே செய்யறீங்க. இது துணி விஷயம் இல்ல சார். கூட உக்காந்து சாப்பிடறவங்களுக்குக் குடுக்கற மரியாதை."

"வாஸ்தவம்தான். உங்களுக்கு அந்தக் கோட்டு ரொம்பப் பொருத்தமா இருக்கு."

"பேச்சை மாத்தாதீங்க."

கைதட்டி ஹெட் வெயிட்டரைக் கூப்பிட்டார். அவர் வந்து குனிந்தார்.

"நான்தான் சார் இவரை வரச் சொன்னேன். இன்னைக்கு மட்டும்..."

"காரணம்?"

ஹெட் வெயிட்டர் ஆல்வினைப் பார்த்தார். ஆல்வின் வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை அசைத்தார்.

"அது சொல்றதுக்கில்ல சார்."

"காரணமே இல்லாம சலுகையா? அப்ப சட்டம்னு ஒண்ணு எதுக்கு? நான் கேப்டன்கிட்ட பேசிக்கறேன்."

அக்கம்பக்கத்து மேஜைகளில் இரண்டு மூன்று போ டைகள் ஆமோதித்துத் தலையாட்டின. நியாயம் தன் பக்கம் என்பதில் ஹம்ஃப்ரிக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் போய்விட்டது.

ஆல்வின் கைத்துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

"பாவம், அவரை ஏன் சங்கடப்படுத்தணும். மேல மீனும் சிப்ஸும் இருக்கும். வா நோரீன்."

நோரீன் உடனே எழுந்துவிடவில்லை. சூப் அப்போதுதான் வந்திருந்தது. மூலையில் பியானோ வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, கவுனை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். டாஃப்னிக்கு அவமானமாக இருந்தது. சூப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தியா? யாராவது ஒருத்தர் வாயைத் திறந்தாத்தான் நடக்குது" என்று ஹம்ஃப்ரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஜோரில் பித்தான்மேல் வைத்திருந்த விரலை எடுத்துவிட்டார்.

மேஜையைச் சுற்றிவந்த நோரீன் அவர் நாற்காலி அருகே நின்றாள்.

"கல்யாண நாள் வாழ்த்துகள்" என்றாள் டாஃப்னியிடம். மனசார வாழ்த்தியதாகத்தான் தெரிந்தது.

பிறகு ஹம்ஃப்ரி பக்கம் திரும்பிக் குனிந்து, அந்தப் பித்தானை லேசாக இழுத்துப் பார்த்தாள்.

"கெட்டியாத்தான் இருக்கு. கிளம்பற அவசரத்துல கறுப்பு நூல் கிடைக்கல, அதான் நீலத்துல தைச்சேன். விளக்கு வெளிச்சத்துல தெரியாது. நீங்க தைரியமா சாப்பிடுங்க."