மூன்று மில்லிமீட்டர்

"இது பொருந்தலையேம்மா" என்றார் பத்ரிநாராயணன் சார்.

ஜன்னல் கண்ணாடியில் இரண்டு டிராயிங் ஷீட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அழுத்திப் பிடித்திருந்தார். அடியில் இருந்தது 1979-இல் அவரே தன் கையால் போட்ட மாதிரி ஷீட். மேலே இருந்தது ஸ்வர்ணலதாவுடையது. அடையாறு வெயில் பளிச்சென்று அடித்ததால், இரண்டு கோடுகளும் விலகி ஓடுவது கடைசி பெஞ்சிலிருந்த எங்களுக்கே தெரிந்தது.

சார் திருத்துவது அப்படித்தான். மாதிரியின் கோட்டுமேல் நம் கோடு விழுந்தால் பத்துக்குப் பத்து. எங்கள் மெக்கானிகல் முதலாமாண்டில் நாற்பத்திரண்டு பேர். நாற்பத்தொரு பேருக்கு விழுந்துவிட்டது.

விழாமல் என்ன செய்யும்? சீனியருடைய ஷீட்டைக் கண்ணாடிமேல் விரித்து, அடியில் டேபிள் லாம்ப்பைப் போட்டு, அதன்மேல் நம் ஷீட்டை வைத்து அப்படியே கோடு இழுத்துவிடுவோம். ஜி.டி. அடிப்பது என்று அதற்குப் பெயர். மந்தைவெளியில் எங்கள் வீட்டு ஷோகேஸ் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்த புண்ணியவான் நான்தான். அந்தச் சீனியர் அவனுடைய சீனியரிடமிருந்து அடித்திருப்பான். தலைமுறை தலைமுறையாகப் போனால் கடைசியில் சாரின் மாதிரியில்தான் போய் முட்டும்.

ஸ்வர்ணலதா மட்டும் ஜி.டி. அடிக்க வரவில்லை. வகுப்பில் ஒரே பெண். தி.நகர் பாத்திரக்கடைக்காரர் மகள். "நானே போட்டுக்கிறேன்" என்று சொன்னதற்காக அவளை நாங்கள் செய்த கிண்டல் கொஞ்சநஞ்சமில்லை.

கேள்வி இதுதான்: சாய்வாக வெட்டிய ஒரு குழாயைப் பிரித்துத் தட்டையாக விரித்தால், அந்தத் தகடு என்ன வடிவத்தில் இருக்கும்?

"உன் தகடு மூணு மில்லிமீட்டர் நீளமா இருக்கு" என்றார் சார்.

"அதுதான் சார் சரியான நீளம்."

ஜவஹர் என் விலாவில் இடித்தான். "இன்னா மச்சி, சாருக்கே கிளாஸ் எடுக்குது?"

சார் கோபப்படவில்லை. "இதோ பாரும்மா. ஜுரம்னு ஏற்கெனவே ரெண்டு ஷீட் விட்டுட்டே. இதுவும் பூஜ்யம்னா உன்னைப் பரீட்சை எழுத விட மாட்டாங்க. ஒரு வருஷம் போயிடும். நாலு மணிக்குத்தான் மார்க் லிஸ்ட் ஆபீசுக்குப் போகணும். மாதிரியைப் பார்த்து மாத்திப் போட்டுக் குடுத்துடு."

ஒரு மணி நேரம் இருந்தது. நானாக இருந்தால் காலில் விழுந்து வாங்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

அவள் நகரவில்லை.

"மாத்தினா தப்பாயிடும் சார். நீங்க வட்டத்தைப் பன்னிரண்டாப் பிரிச்சு, புள்ளிக்குப் புள்ளி நேரா அளந்து, அதையே பன்னிரண்டு தடவை வெச்சிருக்கீங்க. வட்டம் வளைஞ்சு போகுதே சார், நேரா போறதைவிட அது நீளம் இல்லையா? இந்த அளவுக்குத் தகரம் வெட்டினா வாய் சேராது. எங்க கடைக்குப் புனல் அடிச்சுக் குடுக்கறவரே சிரிப்பார்."

வகுப்பு "ஓ" என்றது. சாரின் முகம் மாறியது.

"வெட்டிப் பாருங்க சார்" என்றாள்.

"வெட்டினா ஷீட் போச்சு. உன் கணக்கு தப்புன்னா மாத்திப் போடவும் நேரம் இருக்காது. யோசிச்சுச் சொல்லு."

"வெட்டுங்க சார்."

குரல் நடுங்கியது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

சார் மேஜையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். 'தொலைந்தாள்' என்று நினைத்தேன். மூன்று நாள் வேலையை இருபது விநாடியில் வெட்டி எடுத்தார். பீரோவைத் திறந்து, அதே அளவில் சாய்வாக வெட்டிய ஒரு மர உருளையைக் கொண்டுவந்தார். அவள் காகிதத்தை அதன்மேல் சுற்றினார்.

தட்டைக் காகிதத்தில் அலை மாதிரி வளைந்து கிடந்த கோடு, சுற்றச் சுற்ற நிமிர்ந்து, உருளையின் சாய்ந்த விளிம்போடு இம்மி பிசகாமல் நின்றது. இரண்டு ஓரமும் சேர்ந்த இடம் தடவிப் பார்த்தால்தான் தெரிந்தது.

நான் வாயைப் பிளந்துகொண்டு எழுந்தே நின்றுவிட்டேன். ஆறு மாதமாகக் கோடு கோடாக இழுக்கிறேன். அந்தக் கோடு ஒரு குழாயாக எழுந்து நிற்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

சார் தன் மாதிரி ஷீட்டை எடுத்தார். பதினைந்து வருஷத்துப் பழுப்புக் காகிதம், மூலையில் அவர் கையெழுத்து. அதையும் வெட்டினார். சுற்றினார்.

வாய் சேரவில்லை. மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் மரம் தெரிந்தது.

"பதினஞ்சு வருஷம்" என்றார் சார், மெதுவாக. "ஒருத்தரும் வெட்டிப் பார்க்கலை. நானும்தான்."

சிவப்புப் பேனாவை எடுத்து ஸ்வர்ணலதாவின் காகிதத்தில் பத்து போட்டார். பிறகு தன்னுடையதில், தன் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே, பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டார். நாற்பத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்படி ஒரு பூஜ்யம் போட எத்தனை பேருக்குக் கை வரும்? அவர் எனக்கு அன்றைக்கு இன்னும் ஒரு முழம் உயரமாகத் தெரிந்தார்.

ஸ்வர்ணலதா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

ஜவஹருக்குக் கவலை வந்துவிட்டது. எழுந்தான்.

"சார்... அப்ப எங்க மார்க்கைக் குறைச்சிடுவீங்களா?"

சார் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"எதுக்குப்பா குறைக்கணும்? தப்பு என்னோடது. அதை நீங்க நாற்பத்தொரு பேரும் மயிரிழை மாறாம அப்படியே எடுத்துக் குடுத்திருக்கீங்களே!"